பகடையிடம் யாசிக்கும் சுதந்திரம்

அறிவியலின் பெயரால் உலவும் நம்பிக்கைகளில், கேட்டவுடன் தலையாட்ட வைப்பது இது: நியூட்டனின் இயற்பியல் மனிதனைச் சாவி கொடுத்த பொம்மை ஆக்கியது, குவாண்டம் இயற்பியல் அவனை விடுவித்தது. எலக்ட்ரான் அடுத்து எங்கே தென்படும் என்பதே எந்த விதியிலும் எழுதப்படவில்லை என்றால், மனிதன் அடுத்து என்ன செய்வான் என்பது மட்டும் எப்படி எழுதப்பட்டிருக்கும்? ஆகவே நமக்குச் சுயேச்சை உண்டு, அதற்கு அணுவே சாட்சி. ஆன்மிகச் சொற்பொழிவில் இது வருகிறது, தன்னம்பிக்கைப் பயிலரங்கில் வருகிறது, தலைவிதியைச் சாடும் பகுத்தறிவு மேடையிலும் வருகிறது. மற்ற எல்லாவற்றிலும் முட்டிக்கொள்ளும் இந்த மூன்று தரப்பும் இதில் மட்டும் ஒத்துப்போவதே நம்மைக் கொஞ்சம் உஷார்ப்படுத்த வேண்டும்.

குவாண்டம் இயற்பியல் நியதிவாதத்தை வீழ்த்திவிட்டது என்பது மிகைக்கூற்று. வீழ்த்தியது என்றே வைத்துக்கொண்டாலும் அதிலிருந்து சுயேச்சை பிறக்காது, தற்செயல்தான் பிறக்கும். தற்செயலைச் சுதந்திரம் என்று நம்பியதால் வந்த நஷ்டம் ஏட்டோடு நிற்கவில்லை. சுதந்திரம் அன்றாடம் பறிபோகும் இடங்களை விட்டுவிட்டு, அது இருக்கவே வாய்ப்பில்லாத ஓரிடத்தில் தேடிக்கொண்டிருக்கிறோம்.

இந்த நம்பிக்கைக்குப் பின்னால் ஒரு நிஜமான பயம் இருப்பதை மறுக்க வேண்டியதில்லை. 1814இல் பிரெஞ்சுக் கணிதவியலாளர் லாப்லாஸ் நிகழ்தகவு பற்றிய தம் தத்துவக் கட்டுரையில் ஒரு பேரறிவைக் கற்பனை செய்தார். ஒரு கணத்தில் உலகின் ஒவ்வொரு துகளும் எங்கே இருக்கிறது, அதன்மேல் என்னென்ன விசைகள் செயல்படுகின்றன என்பதெல்லாம் அந்தப் பேரறிவுக்குத் தெரிந்தால், கடந்ததும் வருவதும் அதன் கண்முன் ஒருசேர நிற்கும் என்றார். நியதிவாதம் என்பது இதுதான்: இன்றைய நிலையும் இயற்கை விதிகளும் சேர்ந்தால், நாளைக்கு ஒரே ஒரு வழிதான் உண்டு. மனிதனும் துகள்களால் ஆனவன். அப்படியானால் அவன் செய்த கொலைக்கும் கொடைக்கும் அவனை எப்படிப் பொறுப்பாக்குவது? பத்தொன்பதாம் நூற்றாண்டு நெடுகிலும் ஐரோப்பியச் சிந்தனையை இந்தக் கேள்வி உறுத்திக்கொண்டே இருந்தது.

1926இல் இயற்பியலாளர் மாக்ஸ் போர்ன், ஷ்ரோடிங்கரின் சமன்பாட்டில் வரும் அலைச்சார்பு ஒரு துகள் எங்கே கிடைக்கும் என்பதன் நிகழ்தகவைத்தான் தருகிறது என்று காட்டினார். அடுத்த ஆண்டே ஹைசன்பர்க்கின் நிச்சயமின்மைக் கோட்பாடு வந்தது. துகளின் இடத்தையும் உந்தத்தையும் ஒருசேரத் துல்லியமாகக் குறிக்க முடியாது என்றானதும் லாப்லாஸின் பேரறிவுக்கு வேலை போயிற்று. இதைக் கையிலெடுக்க ஆள் தயாராக இருந்தது. வானியலாளர் ஆர்தர் எடிங்டன் 1928இல் வெளியிட்ட தம் நூலில், விவரமறிந்த ஓர் அறிவியலாளர் மதத்தை ஏற்க 1927ஆம் ஆண்டு வாக்கில்தான் முதன்முதலாக வழி பிறந்தது என்று எழுதினார். நோபல் பரிசு பெற்ற ஆர்தர் காம்ப்டன் 1935இல் மனித சுதந்திரம் பற்றியே ஒரு புத்தகம் போட்டார். அணுவளவில் நேரும் தற்செயலை உயிருள்ள உடல் பெரிதாக்கிச் செயலாக மாற்றுகிறது என்று இயற்பியலாளர் பாஸ்குவல் ஜோர்டான் வாதிட்டார். நம் மேடைகளில் இன்று புதுச்சரக்காக விற்பதெல்லாம் ஏறத்தாழ தொண்ணூறு ஆண்டுப் பழைய சரக்கு.

அந்தச் சமன்பாட்டுக்குச் சொந்தக்காரரான ஷ்ரோடிங்கர் மட்டும் இதற்கு மசியவில்லை என்பதை மேடைகள் சொல்வதில்லை. உபநிடதங்களில் தோய்ந்தவர் அவர்; ஆன்மிகத்தின் பக்கம் சாய அவருக்குக் காரணங்கள் இருந்தன. ஆயினும் 1944இல் வந்த ‘உயிர் என்றால் என்ன?’ நூலின் முடிவுரையில், மரபணுத் திடீர் மாற்றம் போன்ற சில விபத்துகளைத் தவிர, உயிரின் செயல்களில் குவாண்டம் நிச்சயமின்மைக்குக் குறிப்பிடத்தக்க பங்கில்லை என்றே எழுதினார். சுயேச்சை என்ற புதிரை அவர் தத்துவத்தின் வாசலுக்குத்தான் கொண்டுபோனார். எலக்ட்ரானின் தலையில் கட்டவில்லை.

உண்மையில் இந்த உத்தியின் வயது தொண்ணூறைவிடப் பல மடங்கு அதிகம். உலகம் முழுவதும் அணுக்களே என்று சொன்ன கிரேக்கத் தத்துவஞானி எபிகூரஸின் மரபில், அணுக்கள் காரணமே இல்லாமல் அவ்வப்போது இம்மியளவு தடம் விலகும் என்று ஒரு விதிவிலக்கு உண்டு. அந்த விலகலில்தான் உயிர்களின் சுதந்திரம் பிறக்கிறது என்று ரோமானியக் கவிஞர் லுக்ரீஷியஸ் பாடினார். காரணமற்ற விலகலால் யாருக்கு என்ன ஆதாயம் என்று ரோமானியச் சொற்பொழிவாளர் சிசரோ அன்றைக்கே கேலி செய்தார். நம் பக்கத்தில் ஆசீவகர்கள் இருந்தார்கள். நிலம், நீர், தீ, காற்று, உயிர் என ஐவகை அணுக்களைப் பேசிய அவர்களுடைய கொள்கையை மணிமேகலை பதிவு செய்திருக்கிறது. அணுவை ஏற்ற அவர்கள் நியதியையும் முழுதாக ஏற்றார்கள். தப்பித்துக்கொள்ள ஒரு விலகலை அவர்கள் செருகவில்லை. அப்படியும் உடலை வருத்திக் கடுந்தவம் செய்தார்கள். எல்லாம் நியதி என்றால் தவம் எதற்கு என்று எதிர்த்தரப்பு அவர்களை மடக்கியது. நியதியை ஒப்புக்கொண்டவன் முயற்சியைக் கைவிடவில்லை என்ற உண்மை மட்டும் அந்த வாதங்களுக்கு வெளியே நின்றது. அதற்குப் பிறகு வருவோம்.

முதலில் இயற்பியல். ஷ்ரோடிங்கர் சமன்பாடு தன்னளவில் அப்பட்டமான நியதிவாதச் சமன்பாடு. இந்தக் கணத்தின் அலைச்சார்பைக் கொடுத்தால் அடுத்த கணத்தின் அலைச்சார்பைப் பிசகில்லாமல் தரும். தற்செயல் நுழைவது அளவீட்டின்போதுதான். பல சாத்தியங்களில் ஒன்று மட்டும் கருவியில் பதிவாகிறது. எது பதிவாகும் என்பதற்கு நிகழ்தகவு மட்டுமே நம் கையில் இருக்கிறது. அளவீட்டின்போது என்னதான் நடக்கிறது என்பதில் இயற்பியலாளர்கள் இன்றுவரை ஒரு முடிவுக்கு வரவில்லை. 1952இல் டேவிட் போம், அதற்கு முன் லூயி தெ பிராய் தொட்டுவிட்டுப் போன ஒரு யோசனையை முழுக் கோட்பாடாக வளர்த்தார். அதன்படி துகளுக்கு எப்போதும் ஓரிடம் உண்டு. அலை அதை வழிநடத்துகிறது. தற்செயலாகத் தெரிவது தொடக்க நிலை பற்றிய நம் அறியாமை மட்டுமே. 1957இல் ஹியூ எவரெட் வேறு பாதையில் போனார்: எல்லாச் சாத்தியங்களும் நிகழ்கின்றன, உலகம் கிளைவிடுகிறது, தேர்வு என்ற ஒன்றே இல்லை. இரண்டும் நியதிவாதக் கோட்பாடுகள். வழக்கமான விளக்கம் தரும் அதே பரிசோதனை முடிவுகளை இவையும் தருகின்றன. ஆய்வகம் இவற்றை நிராகரித்ததில்லை.

பெல் தேற்றம் நியதிவாதத்தைப் புதைத்துவிட்டதே என்பார்கள். 1964இல் ஜான் பெல் காட்டியது வேறு. ஓரிடத்தில் நடப்பது ஒளியைவிட வேகமாக இன்னோரிடத்தைப் பாதிக்காது என்ற நிபந்தனையோடு சேர்ந்த மறைமாறிக் கோட்பாடு, அதாவது கண்ணுக்குத் தெரியாத காரணிகளே முடிவைத் தீர்மானிக்கின்றன என்னும் கோட்பாடு, எதுவும் குவாண்டம் கணிப்புகளோடு பொருந்தாது என்பதே அவர் காட்டியது. 1982இல் அலன் ஆஸ்பேயின் பரிசோதனையும், 2015இல் ஓட்டைகளை அடைத்து நடந்த பரிசோதனைகளும் அவர் பக்கம் நின்றன. 2022இல் ஆஸ்பே, ஜான் கிளௌசர், ஆன்டன் சைலிங்கர் மூவருக்கும் நோபல் கிடைத்தது. இவற்றால் விழுந்தது மேற்சொன்ன கூட்டு நிபந்தனை. தொலைவைப் பொருட்படுத்தாத போமின் கோட்பாடு இந்தப் பரிசோதனைகளிலிருந்து காயமின்றி வெளியே வந்தது. அந்தக் கோட்பாட்டைப் படிக்காமல் ஒதுக்குகிறார்களே என்று வருந்தியவர்களில் முதன்மையானவர் பெல்தான்.

பெல் பரிசோதனைகளைச் சுற்றி ‘சுதந்திரத் தேர்வு’ என்ற பேச்சு அடிபடுவதும் குழப்பத்துக்கு ஒரு காரணம். கருவியை எந்தக் கோணத்தில் வைப்பது என்ற தேர்வு, அளக்கப்படும் துகள்களின் முன்கதையோடு தொடர்பில்லாததாக இருக்க வேண்டும் என்பது அந்தத் தேற்றத்தின் முன்நிபந்தனை. அது பரிசோதனை தரும் முடிவல்ல, உள்ளே போடும் அனுமானம். 2016 நவம்பர் 30 அன்று ஏறத்தாழ 1,00,000 பேர் இணையத்தில் ஒரு விளையாட்டு ஆடி 0, 1 என்று தட்டித் தந்த வரிசைகளைக் கொண்டு, உலகின் 12 ஆய்வகங்கள் கருவிகளை மாற்றி மாற்றி அமைத்தன. 2018இல் வெளியான இன்னொரு பரிசோதனையில் அதே வேலையைக் குவேசார் என்னும் தொலைதூர வான்பொருள்களின் ஒளி செய்தது. 780 கோடி ஆண்டுகளுக்கு முன்பும் 1,220 கோடி ஆண்டுகளுக்கு முன்பும் புறப்பட்ட ஒளி அது. இரண்டிலும், அந்தக் கூட்டு நிபந்தனைக்குப் பெல் வகுத்த எல்லை மீறப்பட்டது. மனிதன் விரும்பித் தட்டிய பொத்தானுக்கும், பூமி பிறக்கும் முன்பே கிளம்பிய வெளிச்சத்துக்கும் இயற்கை ஒரு வேறுபாடும் காட்டவில்லை. இயற்பியலாளர் இங்கே ‘சுதந்திரம்’ என்று சொல்வது புள்ளியியல் தொடர்பின்மையை. அது குவேசாருக்கும் உண்டு. ஜான் கான்வேயும் சைமன் கோச்சனும் 2006இல் வெளியிட்ட ‘சுயேச்சைத் தேற்றம்’ கூட, மனிதத் தேர்வு கடந்தகாலத்தால் தீர்மானிக்கப்படவில்லை என்றால் துகளின் பதிலும் அப்படித்தான் என்கிறது. தொடக்கத்தில் இருக்கும் அந்த ‘என்றால்’ மேடைக்கு வரும்போது காணாமல் போய்விடுகிறது.

சரி, இத்தனை எதிர்வழக்கையும் தள்ளுபடி செய்துவிடுவோம். போமும் எவரெட்டும் தவறு, இயற்கையின் அடித்தளத்தில் உண்மையான, காரணமற்ற தற்செயல் உண்டு என்றே கொள்வோம். அப்போது நமக்குக் கிடைப்பது என்ன?

நம் உடம்பிலுள்ள பொட்டாசியத்தில் மிகச் சிறு பங்கு பொட்டாசியம்-40 என்ற கதிரியக்க வகை. வளர்ந்த ஒருவரின் உடலில் நொடிக்கு 4,000க்கும் மேற்பட்ட பொட்டாசியம்-40 அணுக்கள் சிதைகின்றன. இந்த அணு ஏன் இப்போது சிதைந்தது, பக்கத்து அணு ஏன் சிதையவில்லை என்பதற்கு வழக்கமான குவாண்டம் விளக்கத்தில் காரணமே கிடையாது. ஆக, சுத்தமான குவாண்டம் தற்செயல் நமக்குள் நொடிதோறும் ஆயிரக்கணக்கில் நடக்கிறது. அவற்றில் ஒன்றையாவது ‘நான் செய்தேன்’ என்று யாரும் சொல்வாரா? 2020இல் தென்கொரியாவில் விற்பனைக்கு வந்த சாம்சங் கேலக்ஸி ஏ குவாண்டம் என்ற கைபேசியில், ஒளியின் குவாண்டம் இரைச்சலிலிருந்து தற்செயல் எண்களை உருவாக்கும் சில்லு இருந்தது. நியதியிலிருந்து விடுபட்டதுதான் சுயேச்சை என்றால், அந்தக் கைபேசிக்கு அது உண்டு; பழைய நோக்கியாவுக்கு இல்லை. இந்த முடிவை ஏற்க யாரும் தயாராக இல்லை என்றால், தற்செயல் இருப்பது ஒன்று, சுதந்திரம் இருப்பது வேறொன்று என்று ஒப்புக்கொண்டாயிற்று.

ஒரு தாலுகா அலுவலகத்தில் ஓர் அதிகாரி. மேசைக்கு அடியில் நீட்டப்பட்ட கவரை வாங்க மறுக்கிறார். அந்தக் கணத்துக்கு உலகத்தைப் பின்னோக்கி ஓட்டி மறுபடி நடக்கவிடுவோம். அதே அதிகாரி, அதே மனசாட்சி, அதே கடன்சுமை, அதே யோசனைகள். நூறு முறை ஓட்டினால் எழுபது முறை மறுக்கிறார், முப்பது முறை வாங்கிக்கொள்கிறார் என்று வையுங்கள். மறுத்ததற்கும் வாங்கியதற்கும் இடையே அவருடைய குணத்திலோ நியாயத்திலோ சிறு வித்தியாசமும் இல்லை. ஓர் எலக்ட்ரான் இந்தப் பக்கம் சாய்ந்ததா அந்தப் பக்கம் சாய்ந்ததா என்பதே வித்தியாசம். இன்று அவர் மறுத்ததற்காக அவரைப் பாராட்ட முடியுமா? அவருக்கு அன்று அதிர்ஷ்டம் அடித்தது என்றுதான் சொல்ல முடியும். இப்படிப் பின்னோக்கி ஓட்டிப் பார்க்கும் வாதத்தைத் தத்துவத்தில் கூர்மையாக முன்வைத்த பீட்டர் வான் இன்வாகன், சுயேச்சையை மறுப்பவர் அல்லர். நியதிவாதமும் சுயேச்சையும் ஒத்துப்போகாது என்று வாதிட்டுச் சுயேச்சையின் பக்கம் நிற்பவர். அவரே இந்தப் புதிர் தமக்கு அவிழவில்லை என்கிறார். நம் பேச்சாளர்களுக்கு மட்டும் ஐந்தே நிமிடத்தில் அவிழ்ந்துவிடுகிறது.

பகடையால் நாட்டையும் தம்பிகளையும் தோற்று அடிமையான தருமன் கதையைக் கூத்தில் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். பகடை உருண்டால் ஆடியவன் சுதந்திரம் அடைவான் என்ற பாடத்தை அந்தக் கதையிலிருந்து யாரும் கற்றதில்லை.

கெட்டிக்காரர்கள் இங்கே ஒரு திருத்தம் கொண்டு வருவார்கள். எலக்ட்ரான் தானாகச் சாயவில்லை, மனம் அதைச் சாய்க்கிறது. குவாண்டம் விதி திறந்துவிட்ட இடைவெளியில் ஆன்மா நுழைந்து வேலை செய்கிறது என்பார்கள். கேட்க நன்றாக இருக்கும் இந்தத் திருத்தம்தான் வாதத்துக்கே வைத்த வேட்டு. குவாண்டம் விதி இடைவெளி எதையும் திறந்துவிடவில்லை. ஒவ்வொரு முடிவுக்கும் இத்தனை சதவீதம் என்று எண்ணால் வரையறுக்கிறது. அந்த எண்களை இதுவரை எந்தப் பரிசோதனையும் பொய்யாக்கவில்லை. மனம் அந்தச் சதவீதத்தை மாற்றுகிறது என்றால், நீங்கள் சாட்சிக்கு அழைத்த குவாண்டம் இயற்பியல் மூளைக்குள் பொய்யாகிவிடுகிறது. மாற்றவில்லை என்றால், மனத்துக்கு அங்கே வேலையே இல்லை. சாட்சியைப் பொய்யன் என்று சொல்லி வழக்கை ஜெயிக்க முடியாது.

மூளைக்குள் குவாண்டம் விளைவுகள் அந்த அளவுக்கு நிலைக்குமா என்பது தனிக் கேள்வி. ரோஜர் பென்ரோஸும் மயக்கவியல் மருத்துவர் ஸ்டூவர்ட் ஹாமராஃபும் 1990களில், செல்களுக்குள் இருக்கும் நுண்குழல்களில் குவாண்டம் நிலைகள் நீடித்துக் குலைவதே பிரக்ஞை என்றார்கள். 2000இல் மாக்ஸ் டெக்மார்க் ஒரு கணக்குப் போட்டார். மூளையின் வெப்பத்திலும் ஈரத்திலும் அத்தகைய ஒத்திசைவு, ஒரு நொடியைப் பத்து லட்சம் கோடிப் பங்காக்கினால் ஒரு பங்கு நேரம்கூடத் தாண்டாது என்று வந்தது. நரம்பணுக்கள் வேலை செய்வதோ மில்லிநொடிகளில். ஹாமராஃப் தரப்பு இந்தக் கணக்கை எதிர்த்தது, தகராறு தொடர்கிறது. ஒளிச்சேர்க்கையிலும், வலசைப் பறவைகளின் திசையறிவிலும் குவாண்டம் விளைவுகளின் பங்கு என்ன என்பது மும்முரமாக ஆராயப்படுகிறது. ஆகவே மூளையில் ஒருக்காலும் இராது என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். இருந்தாலும் என்ன? பென்ரோஸ் சொல்வது சரியென்றே நாளை நிரூபணமானாலும், நுண்குழலில் நடந்தது ஏன் ‘என்’ முடிவு ஆகிறது என்ற கேள்வி அப்படியேதான் நிற்கும்.

இந்த விஷயத்தில் சென்னைக்கும் ஒரு தொடர்பு உண்டு. சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் படித்து, பின்னாளில் தரமணியிலுள்ள கணித அறிவியல் நிறுவனத்தின் இயக்குநராக இருந்த ஈ.சி.ஜி. சுதர்சன், 1977இல் பைத்யநாத் மிஸ்ராவோடு சேர்ந்து ஒரு விசித்திரத்தைக் கணித்தார். ஒரு குவாண்டம் அமைப்பை அடுத்தடுத்து விடாமல் அளந்துகொண்டே இருந்தால் அது மாறாமல் உறைந்து நிற்கும். குவாண்டம் ஜீனோ விளைவு என்று பெயர் பெற்ற இதை 1990இல் பெரிலியம் அயனிகளில் செய்தே காட்டினார்கள். அமெரிக்க இயற்பியலாளர் ஹென்றி ஸ்டாப் இதைத் தூக்கி மூளைக்குள் வைத்தார். மனம் ஓர் எண்ணத்தை விடாமல் கவனிப்பதால் அது நிலைபெறுகிறது, அதுவே சங்கல்பம் என்றார். அழகான யோசனை. ஆனால் அயனிகளைப் பொறியில் பிடித்து, சுற்றுப்புறத் தொந்தரவை ஒழித்து, அளவெடுத்த துடிப்புகளால் காட்டிய ஒன்றை மூளைக்குப் பொருத்த வேண்டுமானால், கவனிக்கும் மனம் எப்போது கவனிக்கத் தொடங்குகிறது, எதைக் கவனிப்பது என்று எப்படி முடிவெடுக்கிறது என்று சொல்லியாக வேண்டும். விளக்கப் புறப்பட்ட சுயேச்சையே முழுதாகக் கவனிப்பவரின் மடியில் உட்கார்ந்திருக்கிறது.

‘கவனிப்பவர்’ என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு நடக்கும் வியாபாரத்துக்கு நீண்ட பதில் தேவையில்லை. அளவீடு என்றால் மனிதன் உற்றுப்பார்ப்பது என்று பொருளில்லை. வியன்னாவில் 2004இல் 70 கார்பன் அணுக்கள் கொண்ட மூலக்கூறுகளை லேசரால் சூடேற்றி அனுப்பினார்கள். சூடு ஏற ஏற, அவை தாமே உமிழ்ந்த வெப்ப ஒளியால் குறுக்கீட்டு வரிகள் மங்கி மறைந்தன. அங்கே யாருடைய பிரக்ஞையும் குறுக்கிடவில்லை. சுற்றுப்புறத்துக்குத் தகவல் கசிந்ததே போதுமானதாக இருந்தது. உங்கள் எண்ணம் உலகத்தை வளைக்கிறது என்பதற்கு இதில் எள்ளளவும் ஆதாரம் கிடையாது. ஆனால் அப்படிச் சொல்வதன் விலை பெரிது. எண்ணமே எதார்த்தத்தை உருவாக்குகிறது என்றால், புற்றுநோயாளி சரியாக எண்ணவில்லை, ஏழை உற்சாகமாக எண்ணவில்லை என்றாகிவிடுகிறது. பாதிக்கப்பட்டவனையே குற்றவாளிக் கூண்டில் ஏற்ற முன்பு கர்மவினை பயன்பட்டது. இப்போது அதே வேலையைக் குவாண்டம் செய்கிறது.

எதிர்க்கரையில் நின்று, சுயேச்சை என்பதே மாயை, மூளையியல் அதைக் கொன்றுவிட்டது என்போருக்கும் நான் தோள்கொடுக்கவில்லை. அவர்களின் முதல் சாட்சி நரம்பியல் ஆய்வாளர் பெஞ்சமின் லிபெட். 1983இல் அவர் செய்த பரிசோதனையில், விரலை அசைப்பதற்கு ஏறத்தாழ 550 மில்லிநொடி முன்பே மூளையில் ஒரு மின்மாற்றம் தொடங்கியது. ‘அசைக்க வேண்டும்’ என்ற உணர்வு வந்ததாக ஆட்கள் சொன்னது சுமார் 200 மில்லிநொடி முன்புதான். மூளை முடிவெடுத்துவிட்டு நமக்குத் தகவல் சொல்கிறது என்று உலகெங்கும் எழுதினார்கள். 2012இல் ஆரன் ஷூர்கர் குழு, அந்த மின்மாற்றம் முடிவே அல்ல, மூளையின் பின்னணி இரைச்சல் மெல்ல ஏறி ஒரு வரம்பைத் தொடும் கோலமாக இருக்கலாம் என்று காட்டியபோது பாதிச் சத்தம் அடங்கியது. மீதிச் சத்தத்துக்கும் அடிப்படை இல்லை. காரணமே இல்லாமல் எப்போது வேண்டுமானாலும் விரலை அசை என்று சொன்ன பரிசோதனையை வைத்து, காரணங்களை எடைபோட்டு மகளின் படிப்புக்காக நிலத்தை விற்கும் முடிவைப் பற்றித் தீர்ப்பு எழுதுகிறார்கள்.

இரு கரையினரும் பகிர்ந்துகொள்ளும் ஒரு முன்முடிவு உண்டு: காரணங்களால் உண்டான செயல் சுதந்திரமானது அல்ல. ஒரு கரை, காரணச் சங்கிலி அறுந்துவிட்டது என்று கொண்டாடுகிறது. மறுகரை, அறுபடவில்லை என்று துக்கம் அனுசரிக்கிறது. இரண்டுமே வீண். என் செயல் என் காரணங்களிலிருந்து பிறப்பதுதான் அதை என்னுடையதாக ஆக்குகிறது. பொய் சொல்லப் போனவன் அம்மாவின் முகத்தை நினைத்து நிறுத்திக்கொண்டான் என்றால், அந்த நினைவு அவன் நாவை உண்மையிலேயே தடுத்திருக்க வேண்டும். நினைவுக்கும் நாவுக்கும் இடையிலான காரணத்தொடர்பை அறுத்துவிட்டால் அவன் விடுதலை அடைய மாட்டான், கிறுக்கனாவான். தத்துவஞானி டேவிட் ஹியூம் 1748இலேயே இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டார்: சுதந்திரத்துக்கு எதிர்ப்பதம் பலவந்தம், காரணம் அல்ல. ஆசீவகர்களின் தவம் முரண்பாடாகத் தோன்றியதும் இதே முன்முடிவால்தான். நியதி இருந்தால் அது முயற்சியின் வழியாகவே நடக்கிறது. முயற்சியைச் சுற்றிக்கொண்டு போவதில்லை. திருக்குறளில் ‘ஊழ்’ 38ஆம் அதிகாரம், ‘ஆள்வினையுடைமை’ 62ஆம் அதிகாரம். இரண்டையும் ஒரே நூலில் வைக்க வள்ளுவருக்கு அணுவின் அனுமதி தேவைப்படவில்லை.

சட்டத்துக்கும் தேவைப்படவில்லை. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 14ஆம் பிரிவில் ‘சுதந்திரமான சம்மதம்’ என்றால் என்ன என்று சொல்கிறது. பலவந்தம், தகாத செல்வாக்கு, மோசடி, பொய்த்தகவல், தவறான புரிதல் ஆகியவற்றால் உண்டாகாத சம்மதமே சுதந்திரமான சம்மதம். கையெழுத்துப் போட்டவரின் நரம்பணுக்கள் நியதிக்கு உட்பட்டவையா என்று அது விசாரிப்பதில்லை. குற்றவியலிலும் அப்படித்தான். பழைய தண்டனைச் சட்டத்தின் 84ஆம் பிரிவும், 2024 ஜூலை முதல் அதன் இடத்துக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 22ஆம் பிரிவும், மனநிலை பிறழ்ந்தவருக்குத் தாம் செய்வது இன்னதென்றோ அது தவறென்றோ அறியும் திறன் அப்போது இருந்ததா என்று கேட்கின்றன. திறன் இருந்ததா, பலவந்தம் இருந்ததா, தகவல் சரியாகக் கிடைத்ததா, மறுத்துவிட்டு வெளியேற வழி இருந்ததா: சுதந்திரத்தை அளக்கும் கேள்விகள் இவை. இவற்றுக்குக் கூடக்குறையப் பதில் உண்டு. ஆகவேதான் சுதந்திரத்தை வளர்க்க முடிகிறது, பறிக்கவும் முடிகிறது.

செங்கல் சூளையில் முன்பணம் வாங்கிய குடும்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கணக்கு முதலாளியிடம் இருக்கும். எவ்வளவு அறுத்தாலும் கடன் தீராது. ஊருக்குப் போக அனுமதி கேட்க வேண்டும். குவாண்டம் நிச்சயமின்மை அந்தச் சூளையிலும் சம அளவில்தான் இருக்கிறது. அங்கே வேகும் ஒவ்வொரு கல்லிலும் எலக்ட்ரான்கள் யாரையும் கேட்காமல்தான் நடந்துகொள்கின்றன. அதனால் அந்தக் குடும்பத்துக்கு ஒரு நாள் விடுப்புகூடக் கிடைக்கவில்லை. 1976ஆம் ஆண்டின் கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டம், அத்தகைய கடனையே செல்லாது என்று துடைத்தது. நியதிவாதத்துக்கும் அதற்கும் எந்த வழக்கும் இல்லை. குடிநோயாளிக்குக் கிடைக்கும் சிகிச்சை, படிக்கத் தெரியாதவருக்குப் பத்திரத்தை வாசித்துக் காட்டும் ஆள், அவசரப்படுத்தாமல் யோசிக்கக் கிடைக்கும் ஓர் இரவு, வேலையை விட்டாலும் மூன்று மாதம் தாக்குப்பிடிக்கக் கையில் இருக்கும் பணம் என இவை ஒவ்வொன்றும் ஒரு மனிதனின் சுயேச்சையை நிஜமாகவே கூட்டுகின்றன. இவை எல்லாமே காரணங்களின் வழியாக வேலை செய்பவை. உலகில் காரணமும் விளைவும் நம்பத்தக்கபடி இணைந்திருந்தால்தான் சிகிச்சையும் கல்வியும் சட்டமும் பலிக்கும்.

இவ்வளவுக்குப் பிறகும் எலக்ட்ரான்தான் தமக்குச் சுதந்திரம் தந்தது என்போரிடம் ஒரே கேள்வி. நாளைக் காலை ஒரு பரிசோதனை, போமின் கோட்பாடே சரி, இயற்கையில் தற்செயல் என்று எதுவும் இல்லை என்று ஐயத்துக்கு இடமின்றி நிறுவிவிடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அன்று மாலை நீங்கள் என்ன செய்வீர்கள்? கொடுத்த வாக்கைக் கைவிடுவீர்களா? பிள்ளைக்கு நல்லது கெட்டது சொல்வதை நிறுத்துவீர்களா? ஏமாற்றியவனை மன்னித்து அனுப்பி, ஏமாந்தவனிடம் ‘எல்லாம் நியதி’ என்பீர்களா? மாட்டேன் என்றால், உங்கள் சுதந்திரமும் பொறுப்பும் ஒருநாளும் எலக்ட்ரானில் தொங்கிக்கொண்டிருக்கவில்லை என்று நீங்களே ஒப்புக்கொள்கிறீர்கள். செய்வேன் என்றால், இத்தனை நாள் நீங்கள் நேர்மையாக இருந்ததற்கு ஒரே காரணம் ஓர் இயற்பியல் வழக்கு இன்னும் முடியவில்லை என்பதுதான். அப்படிப்பட்டவருக்கு நான் கடன் கொடுக்க மாட்டேன்.